'மறுகா'வுக்குக் கெத்து வந்த விதம்

மட்டக்களப்பில் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரு தலையிடி உண்டு. தமிழ்த்தினப் போட்டிக்கென்று வருடத் தொடக்கத்தில் எழுதிய வசனம் மேடையேறும் நாளில் பழசாகிவிடும். எழுதும்போது பிள்ளைகள் எல்லாரும் வாய்க்கு வாய் சொல்லித் திரிந்த சொல், நாடக நாளில் சபையில் ஒரு முகத்தைக்கூட அசைக்காது. அதே மேடையில் ஒரு பிள்ளை தன் அம்மம்மா வீட்டுச் சொல் ஒன்றைத் தற்செயலாகச் சொல்லிவிட, மண்டபமே கலகலத்துப் போகும்.

பல வருடமாக இளம் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதியும் பழக்கியும் வருகிறேன். பாடசாலை மேடை, கோயில் திருவிழா, சந்தியில் போடும் தெருவெளி நாடகம் என்று எல்லா இடமும் போயிருக்கிறோம். ஒரு சொல் ஏன் கெத்தாகக் கேட்கிறது, அதே பொருளுள்ள இன்னொரு சொல் ஏன் சப்பென்று இருக்கிறது என்ற கேள்வி இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வசனம் எழுதுகிறவர்களுக்கும், படிப்பிக்கிறவர்களுக்கும், வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கும் பயன்படலாம் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன். தலைப்பில் உள்ள 'மறுகா' நம் பகுதியில் 'பிறகு' என்பதற்குச் சொல்லும் சொல், அதன் கதை பின்னால் வரும்.

பலரும் முதலில் சொல்லும் காரணம் சத்தம். அது பாதி உண்மை. 1929இல் ஜெர்மன் உளவியலாளர் வொல்ப்காங் கோலர் இரண்டு படங்களைப் பற்றி எழுதினார். ஒன்று முனை முனையாகக் குத்தும் உருவம், மற்றது வளைந்து வளைந்து போகும் உருவம். 'தகேதே' எது, 'பலூபா' எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் குத்தும் உருவத்தைத்தான் தகேதே என்பார்கள். 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபர்டும் பெயர்களைக் 'கிக்கி', 'பூபா' என்று மாற்றி இதை மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு 95 பேர் கூரானதைக் கிக்கி என்றதாக எழுதினார்கள். ஒத்திகை இடைவேளையில் பிஸ்கட் பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் இரண்டையும் கீறி எங்கள் பிள்ளைகளிடம் கேட்டேன். யாரும் யோசிக்கவே இல்லை. "கிக்கி குத்தும் சேர், பூபா குத்தாது" என்றான் ஆரையம்பதிப் பெடியன் ஒருவன்.

நம் இலக்கணக்காரர்கள் எழுத்துக்களையே வல்லினம், மெல்லினம், இடையினம் என்று தொட்டுப் பார்த்தது போலப் பிரித்து வைத்தார்கள். இப்போது பிள்ளைகள் வாயில் புழங்கும் சொற்களை எடுத்துப் பாருங்கள். கெத்து, மொக்கை, பக்கா, டக்கர், ஆப்பு. எல்லாம் சின்னச் சொற்கள், நடுவில் இரட்டித்த வல்லினம். 'கெத்து' என்னும்போது நாக்கு மேற்பல்லில் ஒட்டி மூச்சை ஒரு கணம் அடைத்துவிடுகிறது. பிறகுதான் வெடித்து வெளியே வருகிறது. அந்த ஒரு கண அடைப்புத்தான் நடிகனுக்குக் கிடைக்கும் சொத்து. புதிதாக வரும் பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டு 'கெது' என்று ஓடிவிடுவார்கள். "த்-இல் நில்லு மனே, பிறகு விடு" என்று சொல்லிக்கொடுத்தால் அதே வசனம் அடுத்த முறை எழும்பி நிற்கும். வசனம் எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைத் தெரிவதற்கு முன்னர் அதை வாய்விட்டு மெதுவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தாளில் பார்த்தால் இந்த அடைப்புத் தெரியாது.

ஆனால் சத்தம் மட்டும் போதாது. இரவில் கல்லடிப் பக்கம் போனால் கடைக்குக் கடை இரும்புத் தகட்டில் டக்கு டக்கென்று கொத்து ரொட்டி போடுவது கேட்கும். கொத்துக்கும் கெத்துக்கும் இடையில் உயிர் ஒன்றுதான் வித்தியாசம். கொத்து என்றால் பசிக்கும், யாரும் நெஞ்சை நிமிர்த்த மாட்டார்கள். சத்தம் ஒரு சொல்லை வாய்க்கு இதமாக்கும், அவ்வளவுதான். மவுசு வேறு எங்கேயோ இருந்து வருகிறது.

ஒரு பங்கு புதுமையில் இருந்து வருகிறது. இதை மிகுதி காட்டும் சொற்களில் நன்றாகப் பார்க்கலாம். 'மிகவும்' என்று சொல்ல ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு புதுச் சொல் தேவைப்படுகிறது. தொல்காப்பியர் உறு, தவ, நனி மூன்றையும் மிகுதி குறிக்கும் சொற்களாக உரியியலில் வைத்தார். நன்னூலில் சால, கூர், கழி சேர்ந்து அது ஆறாகிறது. இன்றைக்கு 'நனி நன்று' என்று பட்டிமன்ற மேடையில்தான் கேட்கலாம். நம் ஊரில் 'சரியான வெயில்', 'சரியான சனம்' என்போம். தமிழ்நாட்டில் இருக்கும் தமிழருக்கு இது விளங்காது, வெயிலில் என்ன சரி பிழை என்று கேட்பார்கள். கொஞ்சம் காரமாகச் சொல்ல 'பேய் வெயில்' இருக்கிறது. இப்போது 'செம வெயில்'. அதுவும் போதாமல் 'வேற லெவல் வெயில்' என்று சொல்கிற பிள்ளையும் எங்களிடம் உண்டு.

இந்தச் சொற்கள்தான் எல்லாவற்றையும் விட வேகமாகத் தேய்கின்றன. காரணம் எளிது. மிகுதிச் சொல் கேட்கிறவரைத் திடுக்கிட வைக்க வேண்டும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொன்னால் திடுக்கிடல் போய்விடும். செமச் சாப்பாடு, செமப் படம், செமத் தலையிடி என்று வந்த பிறகு 'செம'வில் என்ன மிச்சம் இருக்கும்? ஆகவே நாடகத்தில் மிகுதிச் சொல்லைச் சிக்கனமாக வைக்கச் சொல்வேன். ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஒரு மிகுதிச் சொல் போதும். அதை ஒரு முறை, முக்கியமான இடத்தில். கதை எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். நாடகத்துக்காவது ஒரு வருடம்தான் ஆயுள், கதையைப் பத்து வருடம் கழித்தும் ஒருவர் வாசிக்கலாம்.

அடுத்தது வேலி. ஒரு சொல் சிலருக்கு விளங்கி மற்றவர்களுக்கு விளங்காமல் இருக்கும்போது விளங்குகிறவர்களுக்கு ஒரு சொந்தம் பிறக்கிறது. பள்ளிக்கூடத்தில் குழூஉக்குறி என்று மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனோமே, அதுதான் இது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றார்கள் என்று உரைகாரர் உதாரணம் தருவார்கள். சொல்விளம்பி என்ற பெயரைப் பாருங்கள். குடித்தவன் எதையும் மறைக்க மாட்டான், எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். இந்தப் பெயரை வைத்த வேடன் இன்றைக்குக் கல்லடிக் கடற்கரையில் பெடியன்களோடு இருந்தால் அவன்தான் கூட்டத்தின் தலைவனாக இருப்பான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒரு கிழமை முழுக்க யார் இரகசியத்தை உளறினாலும் அவனுக்குச் சொல்விளம்பி என்றுதான் பெயர்.

குழூஉக்குறியைத் தேடி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம் வயற்காரரிடம் களவெட்டிக்கென்றே தனிப் பேச்சு இருந்தது. சூடு மிதிக்கும் களத்துக்குள் போனால் ஊர்ப் பேச்சை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். நெல் அங்கே 'பொலி'. கடகம் 'பெருவாயன்'. குறைவு, முடிவு என்று பொருள் வரும் சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. சாதாரணப் பேச்சு விளங்குகிற பூதங்கள் வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். சிங்கள விவசாயிகளிடமும் இதே பழக்கம் இருக்கிறது, அதைக் 'கமத்' பாசை என்பார்கள். கமத் என்றால் சூடடிக்கும் களம். மெசின் வந்து வெட்டித் தூற்றிச் சாக்கில் போட்டுக் கொடுக்கும் காலத்தில் களமும் இல்லை, களத்துப் பேச்சும் போய்விட்டது. ஆனால் தத்துவம் அப்படியே இருக்கிறது. அன்றைக்குப் பூதத்துக்கு விளங்கக்கூடாது, இன்றைக்கு அப்பாவுக்கும் வகுப்பாசிரியருக்கும் விளங்கக்கூடாது.

இதில் இருந்து பெற்றோருக்குச் சொல்ல ஒன்று உண்டு. பிள்ளையின் சொல்லை நீங்கள் சொல்லத் தொடங்கிய அன்றைக்கு அந்தச் சொல் சாகிறது. பிள்ளையோடு நெருங்க வேண்டும் என்று நல்லெண்ணத்தில் ஒரு தகப்பன் சாப்பாட்டு மேசையில் "மீன் குழம்பு வேற லெவல்" என்று சொன்னதை அவருடைய மகள் ஒத்திகையில் வந்து சொல்லித் தலையில் கை வைத்தாள். அவர் 'அந்தமாதிரி!' என்று தன் காலத்துச் சொல்லையே சொல்லியிருக்கலாம். அது அவர் வாயில் பிறந்து வளர்ந்த சொல், அவருக்கு அழகாக இருக்கும். பிள்ளைகளின் சொற்களை விளங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் சிரியுங்கள், பொருள் தெரியாவிட்டால் கேளுங்கள். எடுத்து உடுத்த வேண்டாம்.

'மச்சான்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்ச் சொற்களில் இவ்வளவு காலம் கெத்துக் குறையாமல் நிற்கும் இன்னொன்றை நான் காணவில்லை. சிங்களவர் 'மச்சங்' என்று எடுத்துக்கொண்டார்கள். கொழும்பில் பஸ் ஏறினால் எந்தப் பாசையில் கதைத்தாலும் அது காதில் விழும். இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு உயிர் என்பது நம் பகுதிக் குடி முறையை, அதாவது குல முறையைத் தெரிந்தவர்களுக்கு இலகுவில் விளங்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக வருகிறது. பெரியம்மா, சின்னம்மாவின் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி. அவர்களிடம் அளவோடுதான் பகிடி விடலாம். அம்மாவின் அண்ணன், தம்பியின் பிள்ளைகளும் அப்பாவின் அக்கா, தங்கையின் பிள்ளைகளும் மச்சான், மச்சாள். அவர்களைக் கேலி செய்யலாம், தோளில் கை போடலாம், கடன் கேட்கலாம், கலியாணமும் செய்யலாம். இரத்த உறவு, ஆனால் கட்டுப்பாடு இல்லை. யாரோ ஒரு சிநேகிதனை மச்சான் என்று கூப்பிடும்போது அந்த முழு உரிமையும் அந்த ஒரு சொல்லோடு கூட வந்துவிடுகிறது. மேலே இருக்கிறவனை மச்சான் என்று கூப்பிட முடியாது, கீழே இருக்கிறவனையும் முடியாது. இப்போது கம்பஸில் பெண் பிள்ளைகளும் தங்களுக்குள் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆண் என்ற பொருளை இல்லை, அந்தச் சம உரிமையை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, நான் இவ்வளவும் எழுதுவதற்குக் காரணமாக இருந்த சொல்லுக்கு வருகிறேன்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து ஒரு பிள்ளை எங்கள் குழுவுக்கு வந்தாள். கொக்கட்டிச்சோலைப் பக்கம். வந்த புதிதில் ஒத்திகையில் அவள் கதைப்பதே குறைவு. கதைத்தாலும் சொல்லைத் தேடித் தேடிக் கதைப்பாள். 'பிறகு' என்று சொல்வதற்கு முன்னர் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். அவளுடைய வீட்டில் 'பிறகு' இல்லை, 'மறுகா'தான். நகரத்தில் ரியூசனுக்கு வந்த இடத்தில் யாரோ அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மறுகா, ஒள்ளுப்பம் (கொஞ்சம்), அயத்துப்போச்சு (மறந்துபோச்சு), 'கா' சேர்த்துக் கூப்பிடும் 'என்னகா' எல்லாவற்றையும் பாலத்துக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டு வரப் பழகியிருந்தாள். படிக்கவென்று கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் நம் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். 'இரிக்கி' என்பதை ஒரே கிழமையில் 'இருக்கு' ஆக்கிவிடுவார்கள். 'கா' முதல் நாளே போய்விடும்.

நாடகத்தில் அவளுக்கு ஒரு தங்கைப் பாத்திரம். அண்ணன் வெளிநாடு போகப் போவதாக ஐந்தாறு வசனம் அடுக்கடுக்காக அளந்துகொண்டு போவான். கடைசியில் தங்கை "அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்க வேண்டும். நான் எழுதியது அப்படித்தான். ஒரு நாள் ஒத்திகையில் அண்ணனாக நடித்தவன் வழமையை விட நீட்டி முழக்கிவிட்டான். அவள் கையில் பாத்திரம் கழுவுகிற பாவனை. கழுவிக்கொண்டே இருந்தாள். அவன் முடித்தான். அவள் நிமிரவில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை உதறிவிட்டு, பிறகுதான் அவனைப் பார்த்து, நாடியை ஒரு விரல் அளவுக்கு உயர்த்தி, "மறுகா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் நீ சொன்னது எல்லாம் கேட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் இருந்தால் சொல்லு என்ற முழுதும் இருந்தது. மண்டபத்தில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். ரியூசனில் கேட்ட சிரிப்பு இல்லை அது. அவள் பக்கம் நின்று, அண்ணனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை, பாத்திரத்தை விட்டு வெளியே வரவுமில்லை, அடுத்த கோப்பையை எடுத்தாள்.

வசனத்தை அப்போதே மாற்றிவிட்டேன். அடுத்தடுத்த கிழமைகளில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். நகரத்துப் பெடியன்கள், எதற்கெடுத்தாலும் செம, மாஸ் என்று திரிந்தவர்கள், 'மறுகா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். பிந்தி வந்தவன் காரணம் சொன்னால் மறுகா. ஒருவன் பெருமை அடித்தால் மறுகா. குழு வாட்ஸ்அப்பில் கேள்விக்குறியோடு அந்த ஒரு சொல் மட்டும் வந்து விழும். அதே நாக்கு, அதே சொல், அதே பொருள். மாறினது ஒன்றே ஒன்று. முதலில் அதைக் கூச்சப்பட்டுச் சொன்ன பிள்ளை, அன்றைக்குக் கூச்சப்படாமல் சொன்னாள். என் எண்ணத்தில் மவுசு என்பது இங்கே இருந்துதான் வருகிறது. சத்தம் துணை செய்கிறது, புதுமை துணை செய்கிறது, வேலி துணை செய்கிறது. சொல்கிறவர் தன்னை நிரூபிக்கத் தேவையில்லாதவராக நிற்கும்போதுதான் சொல்லுக்குக் கெத்து வருகிறது.

ஆங்கிலத்தில் 'கூல்' என்ற சொல்லின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அது இன்றைய பொருளில் பரவியது அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களிடம் இருந்து, 1930கள், 40களில். சாக்சபோன் வாசித்த லெஸ்டர் யங் அதைப் பரப்பியவர் என்று சொல்வார்கள். முன்வாசலால் போக விடாத விடுதிகளிலேயே வாசித்துவிட்டு வர வேண்டிய காலம் அது. சூடாகாமல், அலட்டிக்கொள்ளாமல், தன் நிதானத்தைக் கையில் வைத்திருப்பதுதான் அவர்களுக்கு மானம். அந்த நிதானத்துக்கு வைத்த பெயரைப் பிறகு உலகமே எடுத்துக்கொண்டது.

இன்னொரு ஆய்வு நம் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்ட வருகிறது. அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு. கோடையில் பணக்கார உல்லாசப் பயணிகள் வந்து நிறைந்துவிடுவார்கள். 1963இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் அந்தத் தீவின் பேச்சைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அங்குள்ள பழைய மீனவர்கள் சில உயிரொலிகளைப் பழைய முறையில் உச்சரித்தார்கள். மறைந்துபோக வேண்டிய அந்த உச்சரிப்பு இளம் ஆட்கள் சிலரிடம் கூடியிருந்தது. யாரிடம் என்று பார்த்தால், தீவிலேயே இருந்து வாழ்வது என்று முடிவெடுத்தவர்களிடம். வெளியே போக நினைத்தவர்களிடம் அது இல்லை. உல்லாசப் பயணிகள் வந்து நிறையும் நம் கரையோரத்துப் பாசிக்குடாவையும் அறுகம்பையையும் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கிட்டவான கதை என்று சொல்லத் தேவையில்லை. ஊரில் இருக்க விரும்புகிற பிள்ளையின் வாயில் ஊர்ச் சொல் தானாக நிமிர்கிறது.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதைத்தான்: நேர்முகத் தேர்வில் 'பிறகு' என்று சொல், அதில் தப்பில்லை, அந்த இடத்துக்கு அந்தச் சட்டை. ஆனால் மறுகாவை ஒளிக்காதே. இரண்டும் தெரிந்தவள் ஒன்று மட்டும் தெரிந்தவளை விடப் பணக்காரி.

ஊர்ச் சொல்லை மேடைக்குக் கொண்டுவரும்போது ஒரு பிழையான வழியும் இருக்கிறது. நம் பகுதிப் பேச்சைக் கோமாளிக்கும் வேலைக்காரிக்கும் மட்டும் கொடுப்பது. அறிவாளிப் பாத்திரம் செந்தமிழ் பேசும், கோமாளி 'என்னகா' என்பான், சபை சிரிக்கும். சிரிப்புக் கிடைக்கும்தான். ஆனால் சபையில் இருக்கிற படுவான்கரைப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சு கோமாளிப் பேச்சு என்று படித்துக்கொண்டு போகும். எங்கள் நாடகங்களில் டொக்டர் 'ஒள்ளுப்பம் பொறுங்க' என்பார், வாத்தியார் 'அயத்துப்போச்சு மனே' என்பார். அது உண்மையும்கூட. வார்டில் நோயாளியோடு கதைக்கும் நம் ஊர் டொக்டர்மார் அப்படித்தான் கதைக்கிறார்கள்.

எல்லை கடக்கும் சொற்களில் கவனம் வேண்டும். சென்னையில் இருக்கிற நாடகக்காரர் சிலரோடு எங்கள் பிள்ளைகள் வீடியோவில் கதைத்தார்கள். அவர்கள் நடித்துக் காட்டியதைப் பார்த்து எங்கள் பெடியன் ஒருவன் மனமுருகி, "அக்கா, உங்கட நடிப்பு அந்தமாதிரி!" என்றான். அங்கே முகங்கள் இறுகிப் போயின. நமக்கு 'அந்தமாதிரி' என்றால் சொல்ல வார்த்தையில்லாத அளவுக்கு நல்லது. அவர்களுக்கு 'அந்த மாதிரி' என்றால் சபையில் சொல்லக் கூடாதது. விளக்கிய பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்த அக்காவே பிறகு அதை எங்கள் பொருளில் சொல்லத் தொடங்கினார். புதியவர்களோடு கதைக்கும்போது உங்கள் மிகப் பெரிய பாராட்டுச் சொல்லை முதலில் எடுக்க வேண்டாம், பழகிய பிறகு எடுங்கள்.

இதைவிடப் பாரமான ஒன்று. எங்கள் குழுவில் காத்தான்குடிப் பிள்ளைகளும் ஏறாவூர்ப் பிள்ளைகளும் உண்டு. முஸ்லிம் வீட்டில் காக்கா என்றால் அண்ணன், வாய் நிறைய அன்போடு கூப்பிடுகிற சொல். அதே சொல்லைத் தமிழ்ப் பெடியன் ஒருவன் ஒரு மாதிரி இழுத்துச் சொன்னால் அது வேறு சொல்லாகிவிடுகிறது, கேட்கிறவனுக்கு உடனே தெரியும். எங்கள் இரண்டு பக்கத்திலும் மற்றப் பக்கத்தைப் பற்றிய சொற்கள் இருக்கின்றன. கூட்டமாக இருக்கும்போது அவை கெத்தாகக் கேட்கும், ஏனென்றால் வேலியின் வேலையே அதுதான். ஆகவே ஒத்திகையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு சொல் யாரைக் குறிக்கிறதோ அவர் அறையில் இருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று பார்ப்போம். முடிந்தால் வசனத்தில் இருக்கட்டும். ஊனத்தை, நிறத்தை, சாதியை வைத்துப் பிறந்த பகிடிச் சொற்கள் எல்லாம் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

பெண் பிள்ளைகள் விசயமும் சொல்ல வேண்டும். 1972இல் மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் இங்கிலாந்தின் நொரிச் நகரத்துப் பேச்சைப் பற்றி எழுதியபோது, ஆண்கள் தாங்கள் உண்மையில் பேசுவதை விடக் கரடுமுரடாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்று காட்டினார். பெண்கள் மறுபக்கம், பேசுவதை விடத் திருத்தமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். கரடுமுரடான பேச்சு ஆணுக்கு மறைவாக ஒரு மதிப்பைக் கொடுக்கிறது. நம் ஊரிலும் பெடியன் 'ஆப்பு' என்றால் பெடியன் பேச்சு, பெட்டை சொன்னால் வாய்க்காரி. ஒரு தாய் இதைப் பற்றி என்னிடம் முறைப்பட்டு வந்தார். அவரை நாடகம் பார்க்கக் கூப்பிட்டேன். மகள் மேடையில் அண்ணனின் வாயை ஒரே சொல்லில் அடைத்தபோது முதலில் கைதட்டியது அந்தத் தாய்தான். சொல்லுக்கு உரிமை கொடுப்பது என்றால் பேச இடம் கொடுப்பதுதான். அது பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தேவை.

வசனம் எழுதுகிறவர்களுக்குக் கையில் எடுத்துப் போகச் சிலது சொல்கிறேன். தமிழ் வசனத்தில் கடைசிச் சொல்லில்தான் பாரம் விழும். கெத்தான சொல்லை நடுவில் புதைக்காதீர்கள், முடிவில் வையுங்கள், அல்லது அதை மட்டும் தனியே விடுங்கள். மறுகா நின்றது அதனால்தான். ஒரு சொல் நன்றாக இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் நேரே கேட்க வேண்டாம், மரியாதைக்கு ஓம் என்பார்கள். வாசித்துக் காட்டிவிட்டு இடைவேளைக்கு விடுங்கள். தேத்தண்ணி குடிக்கும்போது அவர்களாக அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் அது நிற்கும். சினிமாவில் இருந்து வந்த சொல்லை நாடகம் முழுதும் நம்பி எழுதாதீர்கள். அது நம்மிடம் வந்து சேரும்போதே அதற்குப் பாதி வயது போயிருக்கும்.

ஊர்ச் சொல் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பெரியவர்களிடம் போய் "பழைய சொல் ஏதும் தெரியுமா" என்று கேட்டால் திகைத்துப் போவார்கள், அல்லது புத்தகத் தமிழ் பேசத் தொடங்கிவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளாப்பில் எழும்பி வயலுக்குப் போனால் முதலில் என்ன செய்வீர்கள், தோணியில் வலையை எப்படி அடுக்குவீர்கள், ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து ஆடும் கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக்காரர் தென்சேரிக்காரரை எப்படி நக்கலடிப்பார்கள் என்று கேளுங்கள். வசைக்கவி பாடி வளர்ந்தவர்கள், வாய் திறந்தால் நிறுத்த மாட்டார்கள். போனில் பதிவு செய்துகொண்டு, சொல்லோடு சேர்த்து ஊர்ப் பெயரையும் சொன்னவர் என்ன வேலை செய்தவர் என்பதையும் எழுதி வையுங்கள். ஆரையம்பதியில் ஒன்று, வாழைச்சேனையில் ஒன்று, தம்பிலுவிலில் இன்னொன்று என்று சொல் மாறும். பிள்ளைகள் அந்த வித்தியாசத்தை வைத்தே ஒருவரை ஒருவர் பகிடி பண்ணி, அந்தப் பகிடியில் இருந்தே அடுத்த வசனத்தை உங்களுக்குத் தருவார்கள்.